குளத்து முதலையும் பட்டிப் பசுவும்

வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம் இரணைமடு. கனகராயன் ஆற்றை மறித்து 1902 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, 1921 இல் நிறைவெய்திய இக்குளம், நெல்வயல்களுக்கு நீரூட்டுவதோடு எண்ணிறந்த உயிர்களுக்கும் ஆதாரமாக விளங்குகின்றது. காலை வெயில் ஏறும் வேளையில், வன்னிக் குளங்களின் கரையிலே முதலை அசைவற்றுக் கிடக்கும். சற்று அப்பால் பசுக்கள் ஓயாது புல் மேய்ந்துகொண்டிருக்கும். முதலையைச் சோம்பேறி என்றும், பசுவைத் தீராப் பசியுடையது என்றும் எண்ணிவிடலாகாது. இரண்டின் நடத்தைக்கும் காரணம் ஒன்றே: உடலுக்கு வேண்டிய வெப்பத்தை அவை பெறும் வழி.

முதலை, உடும்பு, தவளை, விரால் மீன் ஆகியவற்றைக் குளிர் இரத்தப் பிராணிகள் என்பர். பசு, யானை, கொக்கு, மனிதன் ஆகியோர் வெப்ப இரத்தத்தினர். இப்பெயர்கள் சிறிது மயக்கம் தருவன. நண்பகல் வெயிலிற் காய்ந்த முதலையின் இரத்தம், மனித இரத்தத்தைவிடச் சிறிதே குறைந்த வெப்பமுடையதாயிருத்தல் கூடும். ஆகவே, இரத்தம் குளிர்ந்ததா சுட்டதா என்பதன்று வேற்றுமை. வெப்பம் எங்கிருந்து வருகின்றது என்பதே வேற்றுமை. பசு தன் உடலினுள்ளே அடுப்பு மூட்டி வைத்திருப்பது. முதலை முற்றத்து வெயிலை நம்பி வாழ்வது.

பசுவின் உடல் வெப்பம் ஏறக்குறைய 38.5 பாகை செல்சியசு. சித்திரை வெயிலாயினும் மார்கழிப் பனியாயினும் அந்த அளவு பெரிதும் மாறுவதில்லை. உண்ட உணவு உடற் கலங்களிலே ஒட்சிசனோடு சேர்ந்து மெல்ல எரிவதனால் அவ்வெப்பம் பிறக்கின்றது. வயிற்றிலே புல்லும் வைக்கோலும் நொதித்துச் செரிக்கும்போதும் வெப்பம் உண்டாகின்றது. எனவே, பசு உண்ணும் உணவிற் பெரும்பகுதி, அந்த அடுப்பிற்கு விறகாகவே செலவாகின்றது. நள்ளிரவிலும் நெடுந்தூரம் நடக்கவும், குளிரிலும் கன்றைப் பேணவும் அதற்கு வலிமை தருவது இவ்வடுப்பே.

முதலைக்கு இச்செலவு இல்லை. உடல் குளிர்ந்தால் வெயிலில் கிடக்கும்; வெப்பம் மிகுந்தால் நீரினுள் இறங்கும்; அல்லது வாயை அகலத் திறந்து ஈரம் ஆவியாக விட்டுத் தலையைக் குளிர்விக்கும். குளம் வற்றும் கோடையில் வளை தோண்டி அதனுள்ளே அடங்கிக் கிடக்கும். இவ்வாறு வாழ்வதால், ஒத்த எடையுள்ள பாலூட்டி உண்ணும் உணவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே அதற்குப் போதும். மாதக்கணக்கில் இரையின்றியும் அது உயிர் வாழும். ஆனால், இந்தச் சிக்கனத்திற்கும் விலை உண்டு. உடல் குளிர்ந்த முதலையின் செரிமானம் தளரும், அசைவும் மந்தமாகும். பாய்ந்து இரை பற்றும் ஆற்றல் இருப்பினும், நெடுநேரம் ஓடும் ஆற்றல் அதற்கு இல்லை.

அடுப்புள்ள வீடே பாதுகாப்பானது என்று இதனாற் கருதலாமா? 2022 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் வன்னி மக்கள் அதற்கு மாறான காட்சியைக் கண்டனர். வங்கக் கடலில் மாண்டஸ் புயல் நகர்ந்த நாட்களில், கடுங்காற்றும் குளிர்மழையும் ஒருங்கே வந்தன. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மடிந்தன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் பெரிதும் பாதிக்கப்பட்டன. கொள்ளைநோயோ என்ற ஐயம் முதலில் எழுந்தது. குளிரே காரணமென்பது பின்னர்ப் பரிசோதனைகளாற் புலனாயிற்று.

நீர் உறையும் குளிர் வன்னியில் இல்லையே, பசுக்கள் எவ்வாறு இறந்தன? உலர்ந்த உரோமம் தன்னிடையே காற்றைத் தேக்கிப் போர்வைபோல உதவும். மழையில் நனைந்ததும் அப்போர்வை பயனற்றதாகின்றது. ஈரத்தின்மேல் வீசும் காற்றோ உடல் வெப்பத்தை விரைவாகக் கவர்ந்து செல்கின்றது. இழந்ததை ஈடுசெய்யத் தசைகள் நடுங்குகின்றன. நடுக்கமும் ஒருவகை எரிப்பே. உடலிற் கொழுப்பும் வயிற்றில் தீனியும் உள்ள மாடு அதனைத் தாங்கும். மேய்ச்சலின்றி மெலிந்த மாட்டின் விறகு விடியுமுன்னரே தீர்ந்துவிடும். கன்றுகளும் ஆடுகளும் உருவிற் சிறியன; எடையை நோக்க உடற்பரப்பு மிகுதியாதலால், அவை இன்னும் விரைவாக வெப்பத்தை இழக்கும். உடல் வெப்பம் சில பாகை தாழ்ந்தாலே இதயம் தளர்ந்துவிடும். முதலையோ, உடல் வெப்பம் அவ்வாறு தாழ்வதைத் தாங்கும் இயல்பினது; வெயில் வரும்வரை அதனாற் பொறுத்திருக்க இயலும்.

இவ்வுண்மையை உணர்ந்தோர்க்குச் செய்யவேண்டியது எளிது. புயல் அறிவித்தல் கிடைத்தவுடன் பட்டியை மேட்டு நிலத்திற்கு மாற்றலாம். வாடைக்காற்று வீசும் பக்கத்தைக் கிடுகினால் அடைத்து, மேலே கூரை இடலாம். தரையில் உலர்ந்த வைக்கோல் பரப்பலாம். மழைக்கு முன்னரே வயிறு நிறையத் தீனி இடலாம். நனைந்த கன்றைச் சாக்கினால் துடைத்து உலர்த்துதல் முதற் கடமை. மாரிக்கென்று வைக்கோலைச் சேமித்தல், வீட்டிற்கு விறகு சேமித்தல் போன்றதே. முதலைக்குச் சூரியன் படியளக்கின்றது. பட்டிப் பசுவின் அடுப்பிற்கு விறகு இடும் பொறுப்பு அதனை வளர்ப்போர் கையிலேயே இருக்கின்றது.