அலைக்கற்றைப் பகிர்வு

அலைக்கற்றைப் பகிர்வு என்பது ஒரே அதிர்வெண் பட்டையை ஒன்றுக்கு மேற்பட்ட கம்பியில்லா வலையமைப்புகள், ஒன்றின் சைகை மற்றொன்றைக் குலைக்காத வகையில் பயன்படுத்துவதைக் குறிக்கும். கைபேசி, வானொலி, தொலைக்காட்சி, வை-ஃபை, கதுவீ (ரேடார்), செயற்கைக்கோள் ஆகிய அனைத்தும் ஒரே அலைமாலையிலிருந்தே தமக்குரிய இடத்தைப் பெறுகின்றன. அலைக்கற்றை நிலக்கரியைப் போலப் பயன்படுத்துவதால் தீர்ந்து போவதில்லை. எனினும் அதைச் சேமித்து வைக்க இயலாது. பயன்படாமல் கழிந்த நேரம் முற்றிலும் வீணாகிறது. ஆகவே யாருக்கு எவ்வளவு என்பதோடு, ஒருவர் பயன்படுத்தாதபோது மற்றவர் பயன்படுத்தலாமா என்பதும் முக்கியமான கேள்வியாகும்.

பகிர்வினால் கிடைக்கும் பயன்

அலைக்கற்றையைத் துண்டுகளாகப் பிரித்துப் பலருக்கு வழங்கும்போது அதன் மொத்தக் கொள்திறன் குறைகிறது. இதை டென்மார்க்கு நாட்டுக் கணிதவியலாளர் ஏ. கே. எர்லாங் 1917இல் வெளியிட்ட சூத்திரத்தைக் கொண்டு கணக்கிடலாம். நூறு அழைப்புகளில் இரண்டு மட்டுமே தடைபடலாம் எனக் கொள்வோம். 10 தடங்களைக் கொண்ட ஒரு நிறுவனம் சுமார் 5.1 எர்லாங் அளவு அழைப்புச் சுமையைத் தாங்கும். அத்தகைய இரு நிறுவனங்கள் தனித்தனியே 10.2 எர்லாங் தாங்கும். அதே 20 தடங்களையும் பொதுவில் வைத்தால் 13.2 எர்லாங் வரை தாங்க முடியும். புதிய அலைக்கற்றை எதுவுமின்றிக் கொள்திறன் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுகிறது. ஒருவரிடம் நெரிசல் உள்ள நேரத்தில் மற்றவரிடம் தடங்கள் காலியாக இருப்பதே இதற்குக் காரணம்.

பகிரும் முறைகள்

- இடத்தால் பகிர்தல்: போதிய தொலைவில் அதே அதிர்வெண்ணை மீண்டும் பயன்படுத்துதல். கைபேசி வலையமைப்புகளின் அடிப்படை இதுவே.
- காலத்தால் பகிர்தல்: ஒரே அதிர்வெண்ணில் ஒவ்வொருவருக்கும் சிறு நேரக்கூறுகளை ஒதுக்குதல்.
- கேட்டபின் அனுப்புதல்: தடம் காலியாக உள்ளதா எனக் கவனித்து, பின்னர் அனுப்புதல். வை-ஃபை இவ்வாறு இயங்குகிறது.
- முன்னுரிமைப் பகிர்வு: முதன்மைப் பயனர் இல்லாத இடத்திலோ நேரத்திலோ இரண்டாம் நிலைப் பயனரை அனுமதித்தல். அமெரிக்காவில் 3550–3700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் கடற்படைக் கதுவீகளுக்கு முதலிடம் தந்து, பிறருக்கு இருநிலைகளில் இடமளிக்கப்படுகிறது.

கார்டெக்ட்

தமிழ்நாட்டில் உருவான குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு கார்டெக்ட் ஆகும். இந்தக் கம்பியில்லாத் தொலைபேசி இணைப்பு முறையைப் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா உள்ளிட்டோரைக் கொண்ட சென்னை ஐஐடியின் டெநெட் குழு, மைடாஸ் நிறுவனத்துடன் இணைந்து 1990களில் உருவாக்கியது. ஐரோப்பிய டெக்ட் தரத்தை இது அடிப்படையாகக் கொண்டது. அத்தரத்தில் 20 மெகாஹெர்ட்ஸ் பட்டை 10 அலைகளாகவும், ஒவ்வோர் அலையும் 12 இருவழித் தடங்களாகவும் பிரிக்கப்பட்டு, மொத்தம் 120 தடங்கள் கிடைக்கின்றன. எந்த நிலையத்திற்கும் எந்தத் தடமும் நிலையாக ஒதுக்கப்படுவதில்லை. கருவியே எல்லாத் தடங்களையும் கவனித்து, குறுக்கீடு மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கிறது. எனவே முன்கூட்டிய அதிர்வெண் திட்டமிடல் தேவைப்படுவதில்லை. ஆயினும் அருகருகே உள்ள நிலையங்களின் கடிகாரங்கள் ஒத்திசையாவிடில் நேரக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கொள்திறன் குறையும்.

கும்மிடிப்பூண்டி எல்லைப் பகுதி

இந்தியாவில் கைபேசி அலைக்கற்றை நாடு முழுமைக்குமாக அன்றி, 22 உரிமப் பகுதிகளுக்குத் தனித்தனியே ஏலம் விடப்படுகிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கில் உள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை தமிழ்நாட்டு உரிமப் பகுதியின் ஓரத்தில் அமைந்துள்ளது. சென்னை–கூடூர் இருப்புப் பாதையில் எளாவூர், ஆரம்பாக்கம் ஆகியவற்றைக் கடந்தால் அடுத்து வருவது ஆந்திரப் பிரதேசத்தின் தடா. அங்கு உரிமப் பகுதியும் மாறிவிடுகிறது. ஒரே அதிர்வெண் எல்லைக்கு இப்பால் ஒரு நிறுவனத்திடமும் அப்பால் வேறொரு நிறுவனத்திடமும் இருக்கக்கூடும். சமவெளியான இக்கடலோரப் பகுதியில் வானலையைத் தடுக்கும் மலைகள் இல்லை.

ஆகவே எல்லையோரக் கோபுரங்களின் திறனைக் குறைத்தல், ஆன்டெனாக்களைக் கீழ்நோக்கிச் சாய்த்தல் போன்ற உடன்பாடுகள் தேவைப்படுகின்றன. 2300, 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில் அனுப்புதலும் பெறுதலும் ஒரே அதிர்வெண்ணில் மாறி மாறி நிகழ்வதால், கால ஒத்திசைவும் வேண்டும். அது இல்லையெனில் ஒரு கோபுரத்தின் உரத்த சைகையில் மற்றொரு கோபுரம் கேட்க வேண்டிய கைபேசியின் மெல்லிய சைகை மூழ்கிவிடும். சுற்றலைவுக் கட்டணம் தனியாக இருந்த ஆண்டுகளில், எல்லையோரத்தில் கைபேசி அண்டை வட்டத்தின் கோபுரத்தைப் பற்றிக்கொண்டால் அதன் செலவு பயனர் மீதே விழுந்தது.

தொழிற்சாலைகளுக்குள் பயன்படும் வை-ஃபை, பொருள்களை அடையாளம் காணும் வானலை அட்டைகள் முதலியன உரிமம் தேவையற்ற பட்டைகளில் இயங்குகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ், 865–867 மெகாஹெர்ட்ஸ் பட்டைகள் 2005இலும், 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸ் 2018இலும் இவ்வாறு விடுவிக்கப்பட்டன. இவற்றில் எவருக்கும் குறுக்கீட்டிலிருந்து சட்டப் பாதுகாப்பு இல்லை. அடுத்த ஆலையின் கருவிக்கும் அதே உரிமை உண்டு. உறுதியான தொடர்பு தேவைப்படும் ஆலைகள் தமக்கெனத் தனி வலையமைப்பு அமைத்துக்கொள்வதற்கான வழிகாட்டுதல்களை நடுவண் அரசு 2022 சூனில் வெளியிட்டது. தொலைத்தொடர்பு நிறுவனத்திடமிருந்து அலைக்கற்றையைக் குத்தகைக்குப் பெறுவதும் அதில் கூறப்பட்ட வழிகளுள் ஒன்றாகும்.

இந்தியச் சட்ட நிலை

வானலைகள் பொதுச்சொத்து என உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 2015 செப்டம்பரில் தொலைத்தொடர்புத் துறை பகிர்வு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஒரே உரிமப் பகுதியில் ஒரே பட்டையில் அலைக்கற்றை வைத்திருக்கும் இரு நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ள அவை இடமளித்தன. பகிர்வோர் மீது விதிக்கப்பட்ட 0.5 விழுக்காடு கூடுதல் பயன்பாட்டுக் கட்டணம் 2021 சீர்திருத்தங்களில் நீக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், முதன்மைப் பயனருக்குத் தீங்கான குறுக்கீடு ஏற்படாதவாறு அதே அலைக்கற்றையை இரண்டாம் நிலைப் பயனருக்கு ஒதுக்கவும் வழி செய்கிறது.

திறனாய்வு

பகிர்வு எப்போதும் நன்மையே தரும் எனக் கூற இயலாது. போட்டியாளர்கள் அலைக்கற்றையை ஒன்றாக வைத்துக்கொள்ளும்போது அவர்களுக்கிடையிலான போட்டி குறையக்கூடும். ஏலத்தில் பெரும் தொகை செலுத்தியவர், தம் பங்கில் பிறர் நுழைவதை எதிர்ப்பதும் இயல்பே. மறுபுறம், கிடைத்த பட்டையைப் பயன்படுத்தாமல் ஒருவர் வைத்திருந்தால், கோபுர வசதி குறைந்த எல்லையோர ஊர்களே முதலில் பாதிக்கப்படுகின்றன. அலைக்கற்றை உண்மையிலேயே பயன்படுகிறதா என்பதை ஊர்தோறும் அளந்தறிந்து வெளியிடுவது நேர்மையான பகிர்வுக்கு அடிப்படையாகும்.

இவற்றையும் பார்க்க

- அதிர்வெண்
- வை-ஃபை
- கதுவீ
- கும்மிடிப்பூண்டி