தட்டினால் ஓடும் தொலைக்காட்சி

2020 ஊரடங்கின்போது கல்வித் தொலைக்காட்சியின் பாட அட்டவணையைக் கொடுக்க நேமத்தான்பட்டியில் வீடு வீடாகச் சென்றேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தாளை வாங்கிக்கொண்டு தயங்கி நின்றாள். "எங்க வீட்டு டிவி தட்டுனாத்தான் சார் ஓடும். இப்ப தட்டுனாலும் ஓடலை."

அரசு 2006 முதல் வழங்கிய பதினான்கு அங்குல வண்ணத் தொலைக்காட்சி அது. "எடைக்குப் போட்டா நூறு ரூவாகூடத் தேறாது வாத்தியாரையா" என்றார் அவளுடைய அப்பத்தா. அந்த வீட்டில் திறன்பேசி கிடையாது. பாடம் வருவதென்றால் அந்தப் பெட்டி வழியாகத்தான் வர வேண்டும்.

காரைக்குடியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பின்மூடியைக் கழற்றி, உள்ளே தேங்கியிருந்த மின்னூட்டத்தை முதலில் இறக்கிவிட்டு, போர்டைத் திருப்பி உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் கொடுத்தார். கனமான மின்மாற்றியின் கால் ஒன்றைச் சுற்றி, முடி இழை போல ஒரு கருவளையம். "சால்டர் விட்டிருக்கு சார்" என்று சொல்லி, சூடான சால்டரிங் அயனை வைத்துப் புதிதாகக் கொஞ்சம் பற்றாசு ஊட்டினார். சில விநாடி வேலைதான். படம் வந்தது.

தட்டினால் ஏன் ஓடியது, பிறகு ஏன் நின்றது? வெப்ப விரிவைப் பற்றி இத்தனை ஆண்டுகள் தண்டவாள இடைவெளியைக் காட்டியே பாடம் நடத்திவந்த எனக்கு இந்த வளையம் புது எடுத்துக்காட்டாக அமைந்தது. தொலைக்காட்சி ஓடும்போது பாகங்கள் சூடாகின்றன, அணைத்ததும் குளிர்கின்றன. உலோகக் கால், பற்றாசு, பலகை மூன்றும் ஒரே அளவில் விரிவதில்லை. தினமும் நடக்கும் இந்த இழுபறியில் பற்றாசு களைத்து வெடிக்கிறது. தட்டும்போது வெடிப்பின் இரு கரைகளும் ஒரு நொடி தொட்டுக்கொள்கின்றன. ஆனால் தொட்டு விலகும் ஒவ்வொரு முறையும் நுண்ணிய தீப்பொறி எழுந்து அந்த இடத்தைக் கருக்குகிறது. ஒரு கட்டத்தில் எவ்வளவு தட்டினாலும் பயன் இல்லை.

பள்ளி திறந்ததும் இதை வகுப்பறைக்குக் கொண்டுவர விரும்பினேன். அதற்குத் தொலைக்காட்சி உதவாது. பழைய படக்குழாய்ப் பெட்டிக்குள் பல ஆயிரம் வோல்ட் இருக்கும்; மின்னிணைப்பைப் பிடுங்கிய பிறகும் ஆபத்து போகாது. எல்.இ.டி. பல்பு, சார்ஜர் போன்றவையும் 230 வோல்ட்டோடு நேரடியாக உறவாடுபவை. மாணவர் கையில் இவற்றைத் திறந்து கொடுக்கவே கூடாது. ஆகவே வீட்டில் கெட்டுக் கிடக்கும் ரிமோட்டுகளைக் கேட்டேன். ஒரு வாரத்தில் பதினொன்று சேர்ந்தன. இரண்டு பேட்டரி, மூன்று வோல்ட், பயமில்லை.

முதல் பாடம், ரிமோட் உண்மையிலேயே கெட்டதா என்று பார்ப்பது. அதன் முனையைத் திறன்பேசியின் கேமரா முன் பிடித்துப் பொத்தானை அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் மினுக்கும். சில பேசிகளின் பின்கேமரா இந்த ஒளியை வடிகட்டிவிடும். அப்போது முன்கேமராவில் பாருங்கள். இரண்டு ரிமோட்டுகள் இந்தச் சோதனையிலேயே தேறிவிட்டன. பொத்தான்களுக்கு அடியில் அழுக்கு, அவ்வளவுதான்.

மீதியில் பெரும்பாலானவற்றில் பேட்டரி ஒழுகியிருந்தது. கம்பிச்சுருள் துருப்பிடித்து, பக்கத்துச் செம்புத் தடம் பச்சை பூத்திருந்தது. அதைத் துடைக்கும் முன் ஈரமான லிட்மஸ் தாளால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். ஆல்கலைன் பேட்டரியின் கசிவு சிவப்புத் தாளை நீலமாக்கும்; அதற்கு வினிகர். சாதாரண துத்தநாக-கார்பன் பேட்டரியின் கசிவு அமிலத் தன்மை உடையது. அதற்குச் சமையல் சோடாக் கரைசல். பிறகு ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து நன்றாக உலரவிட வேண்டும். கசிவை வெறுங்கையால் தொடக்கூடாது, கையுறை வேண்டும். நடுநிலையாக்கல் வினையைக் குடுவையில் பலமுறை செய்துகாட்டியிருக்கிறேன், "இது வேலை செய்யுமா சார்?" என்ற கேள்வி அப்போதெல்லாம் வந்ததே இல்லை.

அரிமானம் என்ற சொல் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு அந்நியமாக இருக்கக் கூடாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் (எங்கள் வாயில் 'சிக்ரி') 1953 முதல் இதே செம்பும் இரும்பும் ஏன் அரிக்கின்றன, எப்படித் தடுப்பது என்று ஆராய்கிறது. பேருந்தில் போகும்போது அதன் மதிலைப் பார்த்தவர்கள்தான் எல்லாரும். உள்ளே என்ன நடக்கிறது என்று ரிமோட்டைத் துடைத்த பிறகுதான் கேட்டார்கள்.

அடுத்து, அறுந்த தடத்தைத் தேடுவது. போர்டின் பின்னால் டார்ச் அடித்தால் தடங்கள் நிழலாகத் தெரியும். அதைத் தாளில் வரையச் சொன்னேன். சிக்குக் கோலம் போடத் தெரிந்த பிள்ளைகள் இதில் முந்திக்கொண்டார்கள். கோடு எங்கே போய் எங்கே திரும்புகிறது என்று அவர்கள் கண்ணுக்குப் பழக்கம். பேட்டரியைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்துத் தடத்தின் இரு முனைகளையும் தொட வேண்டும். பீப் ஒலி வந்தால் பாதை முழுமை. வராவிட்டால் நடுவில் தொட்டு, எந்தப் பாதியில் ஒலி இல்லையோ அதை மறுபடி பாதியாக்கித் தேட வேண்டும். மூன்று நான்கு முறையில் இடம் பிடிபடும்.

தடத்தை ஒட்டுவதை நானே செய்தேன். அறுந்த இடத்தின் இருபுறமும் சில மில்லிமீட்டர் பச்சைப் பூச்சைப் பிளேடால் மெல்லச் சுரண்டினால் செம்பு பளிச்சென்று தெரியும். செம்புப் படலத்தின் தடிமன் பொதுவாக 35 மைக்ரோமீட்டர்தான். கை அழுத்தினால் அதுவும் பெயர்ந்துவிடும். ஒயருக்குள் இருக்கும் மெல்லிய இழை ஒன்றைப் பாலமாக வைத்துப் பற்றவைத்து, மேலே நகப்பூச்சு தடவினேன். கறுப்பான கார்பன் தடங்களில் பற்றாசு ஒட்டாது. அவற்றோடு போராட வேண்டாம்.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலும் காரீயம் 327 டிகிரியிலும் உருகும். 63-க்கு 37 என்று கலந்த பற்றாசோ 183 டிகிரியிலேயே உருகிவிடும். கலவை இரண்டையும்விடக் குறைவான வெப்பத்தில் உருகுவது பிள்ளைகளுக்கு நம்ப முடியாததாக இருந்தது. காரீயம் நஞ்சு என்பதால் சன்னலைத் திறந்து வைத்து, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அதையும் அவர்கள் பார்க்க வேண்டும்.

பதினொன்றில் ஏழு பிழைத்தன. ஒன்றின் போர்டு கருகிக் கரியாகியிருந்தது; கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அதை ஒட்டிப் பயனில்லை, மின்கழிவுக்கு ஒதுக்கினோம். இன்னும் இரண்டில் சில்லு போய்விட்டது.

கடைசி ஒன்றுதான் பாடாய்ப் படுத்துகிறது. எல்லாத் தடமும் பீப் அடிக்கின்றன, புதுப் பேட்டரி போட்டாயிற்று, ஆனாலும் ஒளி இல்லை. கீழே விழுந்ததில் உள்ளிருக்கும் அலையியற்றி உடைந்திருக்கும் என்பது என் ஊகம். தட்டினால் ஓடும் தொலைக்காட்சிக்காரி இப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். தம்பியைக் கூட்டிப்போகப் பள்ளிக்கு வந்தவள் அந்த ரிமோட்டைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறாள். இன்னும் திரும்பி வரவில்லை.