ஓ பொசிட்டிவ் என்றால் மட்டும் போதுமா?

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் ஒருவருக்கு ஓ பொசிட்டிவ் இரத்தம் தேவைப்படுகிறது. இரத்த வங்கிக் குளிரூட்டியில் அதே வகைப் பை இருக்கிறது. ஆனாலும் கேட்டவுடன் கொடுப்பதில்லை. நோயாளியின் சீரத்தையும் கொடையாளியின் செங்குழியங்களையும் சேர்த்துப் பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள். வாசலில் காத்திருக்கும் உறவினருக்கு இது வீண் தாமதமாகத் தெரியும். உண்மையில் உயிரைக் காப்பது இந்தத் தாமதம்தான்.

ஏ, பி, ஓ, ஆர்எச் ஆகியவற்றோடு இரத்தத்தின் கதை முடிவதில்லை. 1927இல் நியூயோர்க்கில் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் பிலிப் லெவினும் மனிதச் செங்குழியங்களை முயல்களுக்கு ஏற்றி, எம், என் என்ற இரு பிறபொருளெதிரியாக்கிகளைக் கண்டார்கள். 1947இல் எஸ், 1951இல் சின்ன எஸ், 1953இல் யூ சேர்ந்தன. இன்று எம்என்எஸ் தொகுதியில் ஏறத்தாழ ஐம்பது இருக்கின்றன. எம், என் இரண்டும் செங்குழியத்தின் மேற்பரப்பிலுள்ள கிளைக்கோஃபோரின் ஏ என்ற புரதத்தில் அமைந்தவை; இரு எஸ்களும் கிளைக்கோஃபோரின் பியில். மலேரியாவின் கொடிய வகையான ஃபல்சிபாரம் ஒட்டுண்ணி செங்குழியத்துக்குள் நுழைய இதே புரதங்களைப் பற்றிக்கொள்கிறது.

எம் இல்லாதவர் உடலில் எம்முக்கு எதிராக உருவாகும் பிறபொருளெதிரி, சுருக்கமாக எம் எதிரி, பலருக்கு இரத்தம் ஏற்றாமலே தோன்றும். பெரும்பாலும் குளிரில் மட்டும் வேலை செய்வதால் தீங்கில்லை. உடல் வெப்பமான 37 பாகை செல்சியசிலும் வினைபுரிந்தால்தான் எம் இல்லாத இரத்தம் தேட வேண்டும். எஸ், சின்ன எஸ், யூ எதிரிகள் அப்படியல்ல. முன்பு ஏற்றிய இரத்தத்தாலோ கர்ப்பத்தாலோ உருவாகும் இவை, ஏற்றிய செங்குழியங்களைச் சிதைக்கும்; நச்சுக்கொடியைக் கடந்து வயிற்றுப் பிள்ளையையும் தாக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. ஒருமுறை உருவான எதிரி, சில ஆண்டுகளில் பரிசோதனைக்கு எட்டாத அளவுக்குக் குறைந்துவிடலாம். அப்போது பொருத்தம் பார்த்தாலும் பிழை தெரியாது. இரத்தம் ஏற்றியதும் உடலின் பழைய நினைவு விழித்துக்கொள்ளும். சில நாட்களில் காய்ச்சல், மஞ்சள் காமாலை, இறங்கும் ஹீமோகுளோபின். வீடு திரும்பிய நோயாளிக்கு இது நேர்ந்தால், காரணம் ஏற்றிய இரத்தம் என்று யாருக்குத் தோன்றும்? மாதாமாதம் இரத்தம் ஏற்றும் தலசீமியாப் பிள்ளைகளின் பெற்றோர் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

யூ இல்லாத இரத்தம் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் சுமார் நூற்றில் ஒருவருக்கு. மற்றவரிடம் மிக மிக அரிது. ஆனால் அப்படிப்பட்டவர் இங்கேயும் இருக்கலாம்: உலகக் கப்பல்கள் வந்து தங்கும் துறைமுகம் திருகோணமலை. போர்த்துக்கேயர் காலத்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்களும் இங்கே வாழ்கிறார்கள். அரிய வகைகளைத் தேடிக் கண்டுபிடிக்க, எல்லாச் சமூகங்களிலிருந்தும் தொடர்ந்து கொடையாளிகள் வர வேண்டும். இலங்கையின் இரத்த வங்கி முழுக்கத் தன்னார்வக் கொடையாளிகளை நம்பியே இயங்குகிறது.

உங்களிடம் எதிரி இருப்பதாக எங்காவது அட்டை எழுதித் தந்திருந்தால், அதைத் தேசிய அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். முன்பு இரத்தம் ஏற்றியதையும், பெண்களானால் பிரசவங்களையும் கருச்சிதைவுகளையும், எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் கேட்கும் முன்பே சொல்லுங்கள்.