ஓராண்டு முந்தி வாங்கிய விறகு

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள வெர்மான்ட் மாநிலத்தில் நான்கில் மூன்று பங்கு நிலம் காடு. அங்கே அக்டோபரில் தொடங்கும் குளிர் ஏப்ரல் வரை நீள்கிறது. ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவதுண்டு. அந்த ஊரில் வீட்டைச் சூடாக்குவது ஆடம்பரம் ஆகாது. சாப்பாட்டுச் செலவைப் போல அதைத் தள்ளிப்போட முடியாது. கிராமங்களுக்கு எரிவாயுக் குழாய் பெரும்பாலும் போய்ச் சேரவில்லை. லாரி வந்து தொட்டியில் நிரப்பிவிட்டுப் போகும் எண்ணெயையோ புரொபேனையோ நம்பியிருக்க வேண்டும். அவற்றின் விலை உலகச் சந்தையின் கையில் இருக்கிறது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அந்தப் பகுதி மக்கள் பலர் விறகு அடுப்புக்குத் திரும்பியதற்குக் காரணம் அதுதான். இன்றும் இளவேனில் பிறந்ததும் அடுத்த குளிருக்கான விறகை லாரிக் கணக்கில் வாங்கி முற்றத்தில் அடுக்குகிறார்கள்.

மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பது எந்தச் சரக்குக்கும் உள்ள நியாயம். விறகு விஷயத்தில் அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. முன்கூட்டி மொத்தமாக வாங்குபவர் மரம் உலர்வதற்கான காலத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார். செலவு எங்கே குறைகிறது என்பதை அந்தக் காலம்தான் தீர்மானிக்கிறது.

மரமும் காற்றும்

தமிழ்நாட்டில் விறகை எடைபோட்டு விற்கிறோம். எடைக்கு வாங்கும்போது மரத்தில் உள்ள தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். அமெரிக்காவில் விறகு கன அளவில் விற்கப்படுகிறது. அங்கே சட்டப்படியான அளவு 'கார்ட்'. 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளத்துக்கு அடுக்கிய விறகு, அதாவது 128 கன அடி. எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் கட்டைகளுக்கு நடுவே சந்து இருக்கும். கழித்துப் பார்த்தால் மரம் 80 முதல் 90 கன அடிதான் தேறும்; மீதி காற்றுதான்.

லாரியிலிருந்து அப்படியே கொட்டிய குவியலில் காற்று இன்னும் அதிகம். அதனால்தான் மெயின் மாநிலச் சட்டம், 16 அங்குலக் கட்டைகளைக் குவியலாக விற்றால் ஒரு கார்டுக்கு 180 கன அடி இருக்க வேண்டும் என்கிறது. சில வியாபாரிகள் முகப்பில் 4 அடி உயரமும் 8 அடி நீளமும் காட்டி, ஆழத்தில் ஒரே ஒரு கட்டையின் நீளத்தோடு நிறுத்திவிடுவார்கள். 16 அங்குலக் கட்டையானால் அது முழு கார்டில் மூன்றில் ஒரு பங்குதான். எனவே மொத்தமாக வாங்குபவர் விலையைக் கேட்பதற்கு முன்னால் அடுக்கிப் பார்த்து அளக்க வேண்டும்.

அடுத்தது மரத்தின் ஜாதி. உலர்ந்த மரங்களை எடைக்கு எடை ஒப்பிட்டால் எல்லா மரமும் ஏறத்தாழ ஒரே வெப்பத்தைத்தான் தருகிறது. ஆனால் கன அளவில் வாங்கும்போது அடர்த்திதான் கணக்கு. ஒரு கார்ட் உலர்ந்த செவ்வோக் மரத்தில் சுமார் 7,000 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் இருக்கிறது. அதே அளவு வெள்ளைப் பைன் மரத்தில் சுமார் 4,500 யூனிட்தான். இரண்டையும் ஒரே விலைக்கு வாங்கினால் பைன் வாங்கியவருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நஷ்டம்.

அறுநூறு லிட்டர் தண்ணீர்

புதிதாக வெட்டிய செவ்வோக் ஒரு கார்ட் சுமார் 2,200 கிலோ இருக்கும். நன்றாக உலர்ந்தபின் அதுவே சுமார் 1,600 கிலோவாகிவிடும். இடையில் போன 600 கிலோவும் தண்ணீர். வாங்கியவர் முற்றத்திலிருந்து செலவில்லாமல் அறுநூறு லிட்டர் தண்ணீரை வெயிலும் காற்றும் எடுத்துப்போயிருக்கின்றன.

மரத்தில் தண்ணீர் இரண்டு வகையாக இருக்கிறது. செல்களின் உள்வெளியில் நிற்கும் தண்ணீர் முதலில், சற்று எளிதாக வெளியேறும். செல் சுவர்களோடு பிணைந்திருக்கும் தண்ணீர் பிறகுதான் போகும், அதற்கு நாளாகும். தண்ணீரைக் கொண்டுசெல்லும் நுண்குழாய்கள் மரத்தின் நீளவாக்கில், உறிஞ்சுகுழல்களைக் கட்டாகக் கட்டிவைத்தது போல அமைந்திருக்கின்றன. அதனால் குறுக்குவாட்டில் போவதைவிட நீளவாக்கில், வெட்டுமுகம் வழியாக, ஈரம் பத்து மடங்குக்கு மேல் வேகமாக வெளியேறுகிறது. முழுமரமாகப் போட்டுவைத்தால் இரண்டு ஆண்டுகள் கழித்தும் உள்ளே ஈரம் இருப்பதற்கு இதுவே காரணம். பட்டையோ ஈரத்தை வெளியே விடாமல் காக்கும் உறை.

இங்கே ஒரு விதி கைகொடுக்கிறது. உள்ளிருந்து ஈரம் ஊர்ந்து வெளியேறும் நேரம், கட்டையின் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமனைப் பாதியாக்கினால் உலரும் நேரம் ஏறத்தாழ கால்பங்காகும். ஆகவே வாங்கிய உடனே அறுத்துப் பிளந்துவிட வேண்டும். தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல், ஒற்றை வரிசையாக, காற்று ஊடுருவும்படி அடுக்க வேண்டும். மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்தே விட வேண்டும். முழுக்கத் தார்ப்பாய் போட்டுப் போர்த்தினால் ஈரம் உள்ளேயே சுற்றிப் பூஞ்சை பிடிக்கும். பைனும் ஆஷும் ஒரு கோடையில் உலர்ந்துவிடும். ஓக்குக்கு இரண்டு கோடை வேண்டும்.

இலக்கு, மொத்த எடையில் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது. அதைப் பார்க்க இரண்டு ஊசிகள் கொண்ட ஈரமானி போதும். ஈரம் கூடக் கூட மரத்தின் மின்தடை குறையும். அதை அளந்து எண்ணாகக் காட்டும் சிறிய கருவி அது. ஆனால் கட்டையின் வெளிப்புறத்தில் குத்திப் பார்த்தால் ஏமாந்துபோவோம். மேற்பரப்புதான் முதலில் உலர்கிறது. புதிதாகப் பிளந்த உள்முகத்தில் குத்தினால்தான் உண்மை தெரியும்.

இங்கிலாந்தில் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்த விதி இந்த அறிவியலை அப்படியே சட்டமாக்கியிருக்கிறது. 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் மொத்தமாக விற்கும்போது பச்சை விறகையும் விற்கலாம். ஆனால் எப்படி உலர்த்துவது, எப்படி ஈரத்தைச் சோதிப்பது என்ற குறிப்பைக் கூடவே தர வேண்டும். மொத்தமாக வாங்குபவர் உலர்த்தும் பொறுப்பையும் ஏற்கிறார் என்பது சட்டத்தின் கணிப்பு.

புகையில் போகும் பணம்

ஈர விறகு புகையும் என்பது நம் சமையலறைகளுக்குப் பழைய பாடம். ஏன் புகைகிறது என்பதில்தான் செலவுக் கணக்கு ஒளிந்திருக்கிறது. தண்ணீரை ஆவியாக்கப் போகும் வெப்பம் மட்டும் என்று பார்த்தால் இழப்பு பெரிதில்லை. பாதிக்குப் பாதி தண்ணீர் உள்ள கட்டையை அப்படியே எரித்தால், அதையே உலர்த்தி எரிப்பதைவிடச் சுமார் பத்து சதவீத வெப்பம்தான் காகிதக் கணக்கில் குறைகிறது. அடுப்புக்குள் நடப்பதோ வேறு.

விறகு சூடேறும்போது அதன் எடையில் பெரும்பகுதி வாயுவாக மாறிவிடுகிறது. நாம் காணும் நீளமான சுடர் அந்த வாயுக்கள் எரிவதுதான். அவை முழுமையாக எரிய ஏறத்தாழ 600 டிகிரி வெப்பமும் போதிய காற்றும் வேண்டும். ஈரம் அடுப்பின் வெப்பத்தைக் கீழே இழுத்துவிட்டால் வாயுக்கள் எரியாமலேயே புகைபோக்கி வழியே வெளியேறுகின்றன. காசு கொடுத்து வாங்கிய எரிபொருள்தான் அப்படி வானத்துக்குப் போகிறது. ஒரு பகுதி, குளிர்ந்த புகைபோக்கிச் சுவரில் கிரியோசோட் என்னும் தார் போன்ற பசையாகப் படிகிறது. அது எளிதில் தீப்பற்றும். புகைபோக்கித் தீயால் வீடுகள் எரிவது இதனால்தான். இன்னொரு பகுதி 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களாக அக்கம்பக்கத்தாரின் நுரையீரலுக்குப் போகிறது.

எரியும் வெப்பத்தை வீட்டுக்குள் நிறுத்துவது அடுப்பின் வேலை. பிலடெல்பியாவைச் சுற்றி விறகு அருகி விலை ஏறிய காலத்தில் பெஞ்சமின் பிராங்க்ளின் ஓர் இரும்புக் கணப்பை வடிவமைத்தார். 1744-ல் அதை விளக்கி ஒரு சிறுநூல் வெளியிட்டார். அவருக்குக் காப்புரிமை தர முன்வந்தபோது அவர் வேண்டாம் என்றார். சுவரில் திறந்திருக்கும் கணப்பில் எரியும் வெப்பத்தில் பெரும்பங்கு புகைபோக்கியில் போய்விடும். நல்ல மூடிய அடுப்பு சுமார் 70 சதவீதத்தை வீட்டுக்குத் தருகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1988-ல் வகுத்த விதி, புகையை எரிக்க உதவும் வினையூக்கி இல்லாத அடுப்பு மணிக்கு 7.5 கிராம் துகள் வரை வெளியிட அனுமதித்தது. 2020 முதல் அது 2 கிராமாகச் சுருங்கிவிட்டது. ஆனால் இந்தச் சோதனைகள் உலர்ந்த விறகை எரித்துச் செய்யப்படுபவை. ஈர விறகை இட்டால் எவ்வளவு நவீன அடுப்பும் அந்த எண்ணைக் காப்பாற்றாது.

லாபம் எவ்வளவு?

ஒரு கார்ட் ஓக், 70 சதவீதத் திறனுள்ள அடுப்பில் சுமார் 5,000 யூனிட் வெப்பத்தை வீட்டுக்குத் தரும். 85 சதவீதத் திறனுள்ள எண்ணெய்க் கொதிகலனில் அதே வெப்பத்தைப் பெற ஏறத்தாழ 145 கேலன், அதாவது 550 லிட்டர் எண்ணெய் வேண்டும். எண்ணெய் கேலனுக்கு 3 டாலர் என்று வைத்துக்கொண்டால் அந்த ஒரு கார்டின் மதிப்பு 435 டாலர். இதைவிடக் குறைந்த விலையில் கிடைத்தால்தான் விறகு லாபம். பிளந்த விறகுக்குப் பதிலாக முழுமரங்களை லாரியோடு வாங்கி, அறுப்பதையும் பிளப்பதையும் வீட்டாரே செய்தால் விலை நன்றாக இறங்கும். ஆனால் இயந்திர ரம்பத்தைக் கையாளும் பயிற்சியும் பாதுகாப்பு உடையும் இல்லாதவர்கள் அதில் இறங்கக் கூடாது.

மலிவாகக் கிடைக்கிறதே என்று தொலைவிலிருந்து விறகைக் கொண்டுவருவதும் ஆபத்து. ஆஷ் மரத்தைக் கொல்லும் ஆசிய மரகத வண்டு 2002-ல் மிச்சிகனில் கண்டறியப்பட்டது. அதன் புழுக்கள் பட்டைக்கு அடியில் ஒளிந்து விறகோடு பயணம் செய்து, கோடிக்கணக்கான மரங்களை அழித்துவிட்டன. 2018-ல் அது வெர்மான்டையும் எட்டியது. பக்கத்து நியூயார்க் மாநிலத்தில், வெப்பமூட்டிப் பூச்சி நீக்காத விறகை 50 மைலுக்கு அப்பால் கொண்டுபோகச் சட்டம் அனுமதிப்பதில்லை. எரிக்கும் ஊரிலேயே வாங்குவதுதான் அந்த ஊர்க் காட்டுக்குச் செய்யும் நன்றி.

முன்கூட்டி வாங்க முடியாதவர்கள்

இவ்வளவையும் சொன்னபின் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அடுத்த ஆண்டுக்கான விறகை இந்த ஆண்டே வாங்க யாரிடம் பணமும் இடமும் இருக்கிறது? வசதியுள்ளவர் மே மாதத்தில் குறைந்த விலைக்குப் பச்சை மரம் வாங்கி, வெயிலைச் செலவில்லாமல் வேலைக்கு வைத்துக்கொள்கிறார். கையில் காசில்லாதவர் ஜனவரியில், கிடைத்த விலைக்கு, கிடைத்த ஈரத்தோடு வாங்குகிறார். ஒரே அளவு மரத்துக்கு அவர் கூடுதல் விலை கொடுத்துக் குறைந்த வெப்பம் பெறுகிறார். புகையையும் அவர் வீடே சுமக்கிறது.

மெயின், வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷையர் ஊர்களில் இதற்கு மக்களே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். விறகு வங்கி என்று அதற்குப் பெயர். புயலில் விழுந்த மரங்களையும் நன்கொடையாக வரும் மரங்களையும் தன்னார்வலர்கள் சேர்ந்து அறுத்து, பிளந்து, அடுக்கி, உலர்ந்தபின் தேவைப்படும் குடும்பங்களுக்கு இலவசமாகத் தருகிறார்கள். ஒரு தனிக் குடும்பத்தால் முடியாத மொத்தக் கொள்முதலையும் காத்திருப்பையும் ஊர் சேர்ந்து செய்கிறது.

ஏழைக் குடும்பங்களுக்கு அரசுகள் தரும் எரிபொருள் உதவியும் இதே தர்க்கத்தைப் பின்பற்ற வேண்டும். நடுக்குளிரில் வரும் உதவித் தொகை ஈர விறகாகத்தான் மாறும். அதே தொகை இளவேனிலில் கைக்கு வந்தால், ஒரு டாலரும் கூட்டாமல் அந்தக் குடும்பத்துக்குக் கூடுதல் வெப்பமும் அந்தத் தெருவுக்குக் குறைந்த புகையும் கிடைக்கும். மரம் உலர எத்தனை மாதம் ஆகும் என்பது தெரிந்த விஷயம். உதவியின் தேதியை அதற்கேற்ப மாற்றுவது ஒன்றுதான் பாக்கி.