நாகர்கோவில்: கோயில், அரண்மனை, இலைச் சாப்பாடு

நாஞ்சில் நாட்டுத் தடங்கள் – 6

கன்னியாகுமரி முனையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் நாகர்கோவில், மாவட்டத்தின் தலைநகரம். 2019 முதல் மாநகராட்சி. 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணையும் வரை இந்த வட்டாரம் திருவிதாங்கூரையும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்தது. அந்த நெடிய உறவு இங்குள்ள கட்டடங்களிலும் இலையில் விழும் கறிகளிலும் ஒருசேரத் தெரிகிறது.

ஊருக்குப் பெயர் தந்தது நாகராஜா கோயில். மூலவருக்கு மேலே இன்றும் ஓலைக் கூரைதான். கருவறை மண்ணே இங்கு பிரசாதம். தூண்களில் பார்சுவநாதர், மகாவீரர் சிற்பங்கள் உள்ளன. இவ்விடத்தின் சமண வரலாற்றுக்கு அவையே சான்று. ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் நிரம்பி வழியும். கோட்டாறில் புனித சவேரியார் பேராலயம் உள்ளது. 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயத்தின் கல்லறை இருப்பது அங்கேதான்.

காலை உணவுக்குப் புட்டும் பயறும் பப்படமும், அல்லது ஆப்பம். டீக்கடைகளில் ரசவடை கிடைக்கும்: பருப்பு வடையைச் சூடான ரசத்தில் ஊறவிட்டுக் கிண்ணத்தில் தருவார்கள். ஏத்தம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழபஜ்ஜி மாலை நேரத்துக்குரியது.

கன்னியாகுமரி சாலையில் உள்ளது சுசீந்திரம் தாணுமாலயன் கோயில். சிவன், திருமால், பிரம்மா மூவரும் ஒரே வடிவில் வழிபடப்படுவது இதன் சிறப்பு. ஏழு நிலை ராஜகோபுரம், 18 அடி உயர அனுமன், தட்டினால் வெவ்வேறு சுரம் எழுப்பும் கல்தூண்கள் ஆகியவற்றை நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

மதியச் சாப்பாட்டில்தான் நாஞ்சில் நாட்டின் கைப்பக்குவம் முழுமையாக வெளிப்படும். சோற்றுக்கு முதலில் பருப்பும் நெய்யும், அடுத்து சாம்பார், பிறகு புளிசேரி, ரசம், மோர். தொட்டுக்கொள்ள அவியல், எரிசேரி, துவரன், இஞ்சிப் பச்சடி, ஏத்தங்காய் உப்பேரி. விருந்தென்றால் அடைப்பிரதமனும் சிறுபயறுப் பாயசமும் இலைக்கு வரும். தேங்காய் அரைப்பும் தேங்காயெண்ணெயும் இல்லாத கறி அரிது. மீன் சாப்பிடுவோருக்குச் சாளையோ அயிலையோ, தேங்காய் அரைத்து வைத்த குழம்பாக வரும். மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் பிரியாத ஜோடி. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள், அரிசித் தட்டுப்பாட்டைச் சமாளிக்கப் பரப்பிய கிழங்கு இது. ஏழைகளின் பசி தீர்த்த அந்த உணவு இன்று எல்லா வீடுகளிலும் விரும்பிச் சமைக்கப்படுகிறது.

பிற்பகலில் தக்கலை அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனை. சுமார் 1601இல் தொடங்கப்பட்ட இதை 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா விரிவாகக் கட்டினார். தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை ஆட்சி இங்கிருந்துதான் நடந்தது. அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில்; பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. மரவேலையும் கண்ணாடிபோல் மின்னும் கருந்தரையும் எல்லோரையும் கவரும். ஆனால் தவறவிடக் கூடாத இடம் ஊட்டுப்புரை. தளத்துக்கு ஆயிரம் பேராக, இரண்டு தளங்களில் ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பேர் அமர்ந்து உண்ணக்கூடிய கூடம் அது. சோறிடுவதை அரசு தன் கடமைகளில் ஒன்றாகக் கருதியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. திங்கட்கிழமை அரண்மனை திறக்காது. அருகிலுள்ள உதயகிரிக் கோட்டையில், 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்த டச்சுத் தளபதி டி லனாயின் கல்லறை உள்ளது.

திரும்பும்போது வாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தேங்காயெண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் சிப்ஸ். மற்றது 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைப்பழம். விரலளவே இருக்கும், மணமும் இனிப்பும் மிகுதி. நன்கு கனிந்தால் வெகுநாள் தாங்காது என்பதால் சற்றுக் காயாக இருக்கும் சீப்பையே எடுக்க வேண்டும்.

முனையில் சூரிய உதயம் பார்த்ததும் ஊர் திரும்புகிறவர்கள் கடலை மட்டுமே பார்த்தவர்கள். நாஞ்சில் நாட்டை அறிய விரும்புவோர் நாகர்கோவிலுக்கென ஒரு நாளை ஒதுக்கி, ஒரு வேளையாவது இலை போட்டுச் சாப்பிட வேண்டும்.

(தொடரும்)