பறம்பின் அரண்

மலையரணின் வலிமையை அதன் உயரங்கொண்டே அளத்தல் பலர்க்கும் இயல்பு. முற்றுகை நீளுங்கால் உணவே அதற்கு அளவுகோலாகும்.

மூவேந்தரும் பாரியின் பறம்பை வளைத்தபோது கபிலர் அவர்களை நோக்கிப் பாடியது புறநானூற்றின் 109-ஆம் பாட்டு. உழவர் உழாமலே மூங்கில்நெல்லும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் அம்மலை தரும் என்கின்றார். அதன் சுனைகளுக்கு வான்மீன்களை உவமை கூறுகின்றார். ஆயின், கபிலர் சூழ்ந்தபடி தொலைவிலிருந்து நெற்கதிர் கொணர்ந்து பல்லாண்டு கழித்தமையை அகநானூற்றின் 78-ஆம் பாட்டில் நக்கீரர் பாடுகின்றார். 303-ஆம் பாட்டில் ஔவையாரோ குருவியினம் செந்நெல் கொணர்ந்ததாகக் குறிக்கின்றார். நால்வகை உணவும் மலைமேல் இருப்பப் புறத்துநெல் எதற்கு?

புறப்பாட்டிலேயே விடை உண்டென்பது எம் கருத்து. பகைவர் மரந்தோறும் களிறு கட்டினும் நிலமெங்கும் தேர் பரப்பினும் பறம்பைப் பெறார் என்கின்றார் கபிலர். தேர் சமநிலத்துப் படை. அது மலையேறாது, அடிவாரத்து வயல்களையே கைக்கொள்ளும். ஆகவே கிழங்கும் தேனும் எஞ்ச, வயல்நெல் மட்டும் அற்றுப்போகும். அக்குறையைப் பகைவர்முன் கபிலர் உரைப்பாரோ? அவர்தம் ஊக்கம் தளரவே நால்வளத்தை விரித்தார்.

அகன்ற மலையின் எல்லா வழிகளையும் மூவர் படையும் அடைத்திலது என்பது நெல்வரவால் பெறப்படும். குருவிச் செய்தியை ஒதுக்குவழியில் மலையேறிய மாந்தரைக் குறித்த புனைவாகவே யாம் கொள்கின்றோம்.

பின்னர்ப் பறம்பு வீழ்ந்ததைப் புறநானூற்று 112-ஆம் பாட்டு கூறுகின்றது. வீழ்ந்த வகையை அது கூறவில்லை.