சும்மா நிற்கிற ஜெனரேட்டர் அவசரத்துக்கு ஓடாது

2019 மே 7. சித்திரை மாதத்துச் சாயங்காலம். மதுரையில் சூறைக்காற்றோடு கோடை மழை கொட்டியது. ஊரின் பல பகுதிகளில் கரண்ட் போனது. தல்லாகுளத்துக்குப் பக்கத்தில், கோரிப்பாளையத்தை ஒட்டி இருக்கிற அரசு இராசாசி மருத்துவமனையிலும் போனது. அன்றைக்கு அங்கே விபத்துச் சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்த மூன்று நோயாளிகள் அடுத்தடுத்து இறந்தார்கள். ஜெனரேட்டர் ஓடவில்லை, கருவி நின்றுவிட்டது என்று உறவினர்கள் குற்றம் சாட்டினார்கள். கருவிகளில் பேட்டரி இருந்தது, அவர்கள் ஏற்கெனவே ஆபத்தான நிலையில் இருந்தவர்கள், மின்தடை காரணமல்ல என்று மருத்துவமனை நிர்வாகம் மறுத்தது.

யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. ஆனால் அந்தச் சாயங்காலம் நம் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு கேள்வியை விட்டுப் போயிருக்கிறது. இப்போது, இந்த நிமிடம் கரண்ட் போனால் நம் தோட்டத்து ஜெனரேட்டர் ஓடுமா? "ஓடும்"னு சொல்வதற்கு முன்னால், கடைசியாக எப்போது ஓட்டினோம் என்று யோசித்துப் பாருங்கள்.

2012-ல் தமிழ்நாட்டில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தது. அப்போது வாங்கிய ஜெனரேட்டர்கள் தினமும் ஓடின, அதனால் நல்லாவே இருந்தன. பிறகு மின்வெட்டு குறைந்தது. ஜெனரேட்டர் மோட்டார் ரூம் மூலைக்குப் போனது. மேலே சாக்கு விழுந்தது, சாக்குக்கு மேலே பழைய சொட்டுநீர்க் குழாய் ஏறியது. உழவு மாட்டை ஆறு மாதம் கட்டுத்தறியிலேயே வைத்திருந்துவிட்டு ஒருநாள் திடீரென ஏரில் பூட்டினால் என்ன ஆகும்? எஞ்சினும் அப்படித்தான். ஓடி ஓடித் தேய்வதைவிட, சும்மா நின்று கெடுவதுதான் அதிகம்.

நமக்கு எதற்கு ஜெனரேட்டர்?

இயற்கை விவசாயத்துக்குக் கரண்ட் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அமுதக்கரைசலுக்கும் பஞ்சகவ்யாவுக்கும் கரண்ட் வேண்டாம். ஆனால் பண்ணை என்பது வயல் மட்டும் இல்லையே. நாட்டுக்கோழி முட்டைகள் இன்குபேட்டரில் 21 நாள் இருக்க வேண்டும். பொரித்த குஞ்சுக்கு முதல் வாரம் வெதுவெதுப்பு வேண்டும். பயோஃபிளாக் தொட்டியில் மீன் வளர்ப்பவருக்குக் காற்றடிக்கும் பம்பு நின்றால் அரை மணி நேரத்திலேயே மீன் மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பிக்கும். கறந்த பாலைக் குளிர வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் ஆக்சிஜன் கருவியோ நெபுலைசரோ வைத்திருக்கிற பெரியவர்கள் இருக்கலாம். மனிதருக்கும் மாட்டுக்கும் குடிக்கத் தண்ணீர் ஏற்ற வேண்டும்.

2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. ஊர்க்காரர்கள் வாடகைக்கு ஜெனரேட்டர் பிடித்துத்தான் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். அந்த மாதிரி நேரத்தில் வாடகை ஏறும், எண்ணெய்க்கு அலைய வேண்டும். ஓடுகிற ஜெனரேட்டர் வைத்திருப்பவர் தன் வீட்டுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே உதவுவார்.

நிற்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

பெட்ரோல் ஜெனரேட்டரில் முதலில் கெடுவது கார்புரேட்டர். தேங்கி நிற்கும் பெட்ரோல் ஒன்றிரண்டு மாதத்தில் பிசுபிசுவென்று கோந்து மாதிரி ஆகி, ஊசித்துளைபோல இருக்கிற ஜெட்டை அடைத்துக்கொள்ளும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். நாள்பட நின்றால் தண்ணீர் பிரிந்து டேங்க் அடியில் தங்கும், துருப்பிடிக்கும். அதனால் ஓட்டி முடித்ததும் பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருக்கிறது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை விடுங்கள். காசு செலவில்லாத வேலை, பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும்.

டீசலுக்கு ஆயுசு கொஞ்சம் அதிகம். ஆனால் பாதி காலியான டேங்கில் ராத்திரிக் குளிருக்குக் காற்றின் ஈரம் வியர்த்து, தண்ணீராக அடியில் இறங்கும். டீசலும் தண்ணீரும் சேருகிற இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து பாசி மாதிரி படிந்து ஃபில்டரை அடைக்கும். மண்ணில் நுண்ணுயிர் வளர்ந்தால் நமக்குச் சந்தோஷம், டீசல் டேங்கில் வளர்ந்தால் சங்கடம். டேங்கை நிறைத்தே வையுங்கள். தண்ணீர் பிரிக்கிற கிண்ணம் இருந்தால் மாதம் ஒருமுறை அடித்திருகைத் திறந்து வடித்துவிடுங்கள்.

பட்டன் அழுத்தி ஓட்டுகிற வண்டியில் அடுத்து காலை வாருவது பேட்டரி. சும்மா இருந்தாலே அது தானாக இறங்கும். ஓய்வில் இருக்கும் நல்ல 12 வோல்ட் பேட்டரி மீட்டரில் சுமார் 12.6 காட்டும். 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்கள். ஊற்றுகிற வகையாக இருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், போர்த்தண்ணீர் வேண்டாம். முனையில் பூக்கிற பச்சை வெள்ளைப் பூவை வெந்நீர் விட்டுத் துடைத்து, வாஸ்லின் தடவுங்கள்.

பிறகு நம்ம ஊர் விருந்தாளிகள். எலி ஒயரைக் கடிக்கும், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் பஞ்சு சேர்த்துக் குட்டி போடும். குளவி சைலன்சர் வாயில் மண்கூடு கட்டும். ஓட்டுவதற்கு முன் கையில் டார்ச் எடுத்து ஒரு சுற்றுப் பார்த்துவிடுவது நல்லது.

எப்போது என்ன செய்வது?

மாதம் ஒருமுறை: ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள், அமாவாசை என்றால் மறக்காது. ஆயில் அளவு பார்த்து, 20 முதல் 30 நிமிடம் ஓட்டுங்கள். வெறுமனே ஓட்டினால் போதாது, அதன் சக்தியில் மூன்றில் ஒரு பங்காவது லோடு கொடுக்க வேண்டும். டீசல் எஞ்சினை லோடு இல்லாமலே ஓட்டினால் சூடு ஏறாது. எரியாத டீசலும் கரியும் சைலன்சரில் பிசினாகப் படியும். ஃபிரிஜ், ஃபேன், மிக்ஸி எல்லாவற்றையும் அதில் போட்டு ஓட்டுங்கள். அப்போதுதான் எஞ்சினோடு கரண்ட் தயாரிக்கிற பகுதியும் சரியா என்று தெரியும். வோல்டேஜ் 230-ஐ ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை: ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். கதிரடிக்கிற காலத்தில் தூசி அதிகம், அப்போது மாதாமாதம். பெட்ரோல் வண்டிக்குப் பிளக்கைக் கழற்றிக் கரியைத் துடையுங்கள். தண்ணீரில் குளிர்கிற எஞ்சினுக்குக் கூலன்ட், பெல்ட் பாருங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை: ஓடினாலும் ஓடாவிட்டாலும் எஞ்சின் ஆயில் மாற்றுங்கள். கருத்த ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும், அது நிற்கும்போதே உலோகத்தை அரிக்கும். அதிகம் ஓடுகிற வண்டிக்குக் கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கிற மணிக்கணக்குப்படி முன்னதாகவே மாற்ற வேண்டும். வடித்த ஆயிலைத் தோட்டத்தில் ஊற்றாதீர்கள், கேனில் பிடித்து மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

நம்ம பக்கத்துக்கு இந்த ஆறு மாதக் கணக்கு அழகாகப் பொருந்தும். சித்திரையில் சூறைக்காற்று, ஐப்பசியில் அடைமழை. ஆகவே பங்குனியில் ஒரு பராமரிப்பு, ஆயுத பூஜைக்கு ஒரு பராமரிப்பு. சந்தனம் குங்குமம் வைப்பதற்கு முன்னால் ஆயில் மாற்றிவிடுங்கள். பங்குனிக்கு இன்னொரு காரணமும் உண்டு. அழகர் தல்லாகுளத்தில் எதிர்சேவை கண்டு ஆற்றில் இறங்குகிற நாட்களில் பந்தல், மைக்செட், மண்டகப்படி என்று எங்கும் ஜெனரேட்டர் தேவை இருக்கும். அந்தச் சமயம் மெக்கானிக்கும் எளிதில் கிடைக்க மாட்டார், வாடகை வண்டியும் கிடைக்காது.

எவ்வளவு தாங்கும்?

கே.வி.ஏ. கணக்கை 0.8-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய கிலோவாட். 5 கே.வி.ஏ. என்றால் 4 கிலோவாட். நான்கு சாதாரண ஃபேன் 300 வாட், ஆறு எல்.இ.டி. விளக்கு 54 வாட், ஃபிரிஜ் 200 வாட். இதெல்லாம் சின்ன ஜெனரேட்டரே தாங்கும். சிக்கல் மோட்டாரில்தான். 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது 1,000 வாட் அளவு எடுத்தாலும், கிளம்பும்போது மூன்று மடங்குக்கு மேல் இழுக்கும். அதனால் தண்ணீர் மோட்டாரைத் தனியாகப் போட்டுத் தொட்டியை நிறைத்து அணைத்துவிட்டு, பிறகு மற்றதைப் போடுங்கள். 5 எச்.பி. மூன்று ஃபேஸ் மோட்டாரை வீட்டு ஜெனரேட்டரில் ஓட்ட நினைக்க வேண்டாம்.

இடமும் ஆபத்தும்

2011 மார்ச் 11. ஜப்பானின் ஃபுகுஷிமா அணுஉலைக்கு நிலநடுக்கத்தால் வெளியிலிருந்து வந்த கரண்ட் போனது. அவசர ஜெனரேட்டர்கள் சரியாகவே ஓடத் தொடங்கின. ஒரு மணி நேரத்துக்குள் சுனாமி வந்தது. பெரும்பாலானவை கட்டடங்களின் அடித்தளத்தில் இருந்தன. தண்ணீர் புகுந்து நின்றுபோயின. 13-ல் தப்பியது ஒன்றே ஒன்று. உலைகளைக் குளிர்விக்க வழியில்லாமல் போனதன் விளைவை உலகமே பார்த்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கும் நம் மோட்டார் ரூமுக்கும் பாடம் ஒன்றுதான்: எந்த ஆபத்துக்காக வைத்திருக்கிறோமோ, அந்த ஆபத்து எட்டாத இடத்தில் ஜெனரேட்டர் இருக்க வேண்டும். வாய்க்கால் உடைந்தால், கண்மாய் மறுகால் பாய்ந்தால் தண்ணீர் எதுவரை வரும் என்று ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். அதற்கு மேலே ஒரு மேடை கட்டி, தகரக் கூரை போட்டு வையுங்கள்.

வெளியில் வைப்பதற்கு இன்னொரு காரணம் புகை. அதில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம், பிறகு எழுந்திருக்கவே மாட்டார்கள். வீட்டுக்குள்ளோ, வராந்தாவிலோ, மாட்டுக்கொட்டத்திலோ ஓட்டவே கூடாது. மழை பெய்கிறதே என்று கதவுக்குப் பக்கத்தில் இழுத்து வைப்பதும் ஆபத்து. வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, சைலன்சர் வாய் ஜன்னல் பக்கம் திரும்பாமல் வையுங்கள்.

அடுத்தது அடுத்தவர் உயிர். ஜெனரேட்டர் ஒயரை நேராக வீட்டுப் பிளக் பாயின்ட்டில் சொருகுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்தக் கரண்ட் மீட்டர் வழியாக வெளியே போய், டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட் ஆகும். லைன் செத்திருக்கிறது என்று நம்பி மழையில் கம்பத்தில் ஏறுகிற வயர்மேன் கருகிப்போவார். ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டால், ஒரு நேரத்தில் ஈ.பி. அல்லது ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றுதான் வீட்டுக்கு வரும். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து அதையும், ஒழுங்கான எர்த்தையும் போட்டுவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதோ சூடாக இருக்கும்போதோ பெட்ரோல் ஊற்றாதீர்கள்.

குறைவாக ஓட்டுவதே நம் வழி

டீசல் எரிப்பது நமக்கு உவப்பான காரியம் இல்லை. சின்ன ஜெனரேட்டரில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.4 லிட்டர் ஆகும். டீசலுக்கு மட்டும் 30 ரூபாய்க்கு மேல் வரும். ஆகவே ஜெனரேட்டர் கடைசி ஆளாகத்தான் வர வேண்டும். மேல்தொட்டி எப்போதும் நிறைந்திருக்கட்டும். விளக்குக்கும் செல்போனுக்கும் சின்ன சோலார் பலகை போதும். குஞ்சுக்கு வெதுவெதுப்பு கொடுக்கத் தாய்க்கோழியைவிட நல்ல கருவி கிடையாது.

1900-ல் பாரிஸ் பொருட்காட்சியில் டீசல் எஞ்சின் ஒன்றை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். தாவர எண்ணெயும் எரிபொருள்தான். ஆனால் பச்சை எண்ணெய் கெட்டியானது, இன்ஜெக்டரை அடைக்கும். தெரிந்தவர் துணையில்லாமல் அவசரத்துக்கு வைத்திருக்கிற வண்டியில் சோதிக்க வேண்டாம். நாலைந்து மாடு வைத்து 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் போட்டவர்களுக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது. ஒரு நாள் வாயுவில் இரண்டு மூன்று யூனிட் எடுக்கலாம். அதற்கேற்ற எஞ்சின் வேண்டும். வாயுவை இரும்புத்துருவல் வழியாக விட்டு, கந்தக வாயுவை நீக்கிய பிறகே எஞ்சினுக்குக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் எஞ்சினை அரித்துவிடும்.

தனித்தனியாக வாங்குவதைவிட, பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வைத்துக்கொள்ளலாம். முறை வைத்து மாதம் ஒருவர் ஓட்டினால் அது நிற்கவே நிற்காது. எப்படி இருந்தாலும் பக்கத்தில் ஒரு நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். ஓட்டிய தேதி, ஆயில் மாற்றிய தேதி, மெக்கானிக் நம்பர் அதில் இருக்கட்டும். வீட்டில் ஒருவருக்கு மட்டும் ஸ்டார்ட் பண்ணத் தெரிந்தால் போதாது. அம்மாவுக்கும், வீட்டுக்காரம்மாவுக்கும், வளர்ந்த பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆண்கள் மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போயிருக்கும்போதும் கரண்ட் போகும்.

இந்த இதழைப் படித்து முடித்ததும் எழுந்து போய், அந்தச் சாக்கை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மக்கர் பண்ணினால் நல்லதுதான். வெயில் அடிக்கிற நாளில் மக்கர் பண்ணினால் சரி செய்துகொள்ள நேரம் இருக்கிறது.